எலிக்கும் நோயாளிக்கும் நடுவே யார் பணம்?

2005ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகம், ஒரு மருந்திலிருந்து தனக்கு வரவிருந்த ராயல்டியை மொத்தமாக விற்றது. வாங்கியவர்கள் கிலியட் என்ற மருந்து நிறுவனமும் ராயல்டி ஃபார்மா என்ற முதலீட்டு நிறுவனமும். விலை 52.5 கோடி டாலர். மருந்தின் பெயர் எம்ட்ரிசிடபைன். எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் பெருகாமல் தடுக்கும் மருந்து அது. அதைக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த டென்னிஸ் லியோட்டா, ரேமண்ட் ஷினாசி, வூ-பேக் சோய் ஆகிய மூவர்.

ஆய்வகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், உலகம் வாங்கியது, பணம் கொட்டியது என்று இதைக் கேட்பவர்களுக்குத் தோன்றும். நடந்தது அவ்வளவு நேர்க்கோடு இல்லை. முதலில் உரிமம் எடுத்த பெரிய நிறுவனம் பாதி வழியில் அதைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு ட்ரையாங்கிள் என்ற சின்ன நிறுவனம் எடுத்து நடத்தியது. 2003இல் கிலியட் அந்த நிறுவனத்தையே வாங்கியது. அதே ஆண்டுதான் மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. நடுவில் எங்காவது ஒரு கை விட்டிருந்தால் எம்ட்ரிசிடபைன் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பாக மட்டுமே மிஞ்சியிருக்கும். அப்படி மிஞ்சிப்போனவைதான் உலகத்தில் அதிகம்.

செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் இது பழக்கம்தான். "புற்றுநோய்க்குப் புதிய மருந்து, விஞ்ஞானிகள் சாதனை" என்று பெட்டிச் செய்தி வரும். எலியின் கட்டி சுருங்கியிருக்கும். அதோடு சரி. ஐந்து வருடம் கழித்து டாக்டரிடம் போய் அந்த மருந்தைக் கேட்டால் அவருக்கே பெயர் தெரியாது. செய்தி பொய் என்று சொல்ல முடியாது. எலிக்கு உண்மையிலேயே கட்டி சுருங்கியிருக்கலாம். அதற்கு அடுத்து செய்ய வேண்டிய வேலைக்குப் பணம் தர ஆள் இல்லை, அவ்வளவுதான். இந்த இடைவெளிக்குத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மரணப் பள்ளத்தாக்கு. பெயர் கொஞ்சம் நாடகத்தனமாக இருந்தாலும், அதில் விழுந்து கிடப்பவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தால் மிகை என்று சொல்லத் தோன்றாது.

அந்த இடைவெளியில் என்னதான் வேலை இருக்கிறது? ஓர் ஆய்வகம் ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்கிறது. அதைத் தடுத்தால் நோய் அடங்குகிறது என்று எலியில் காட்டுகிறது. எலிக்குக் கொடுத்த பொருள் ஒரு ரசாயனம், அவ்வளவுதான். அதை மருந்து என்று இன்னும் சொல்ல முடியாது. அது தண்ணீரில் கரையுமா? வாய்வழியாக விழுங்கினால் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகுமா, இல்லை கல்லீரல் பத்து நிமிடத்தில் அதை உடைத்துப் போட்டுவிடுமா? இதயத் துடிப்பைக் குலைக்குமா? மில்லிகிராம் கணக்கில் குடுவையில் செய்ததை கிலோ கணக்கில் அதே தூய்மையோடு செய்ய முடியுமா? எலி போன்ற ஒரு கொறிக்கும் விலங்கிலும், கொறிக்காத வேறொரு விலங்கிலும் முறைப்படி நச்சுத்தன்மை பார்க்காமல் மனிதனுக்கு முதல் டோஸ் கொடுக்கப் பொதுவாக அரசுகள் விடுவதில்லை. அந்தச் சோதனைகளைச் சாதாரண கல்லூரி ஆய்வகத்தில் செய்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற கூடங்களுக்குக் கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும்.

இந்த வேலை எதிலும் கட்டுரை வெளிவராது. ஒரு மூலக்கூறில் ஓர் அணுவை இங்கே மாற்றி, இன்னொன்றை அங்கே மாற்றி இருநூறு வடிவங்கள் செய்து பார்த்தேன், நூற்றுத் தொண்ணூற்றாறு உதவவில்லை என்று எழுதி எந்த மாணவரும் முனைவர் பட்டம் வாங்க முடியாது. பேராசிரியரின் பதவி உயர்வு கட்டுரையை எண்ணித்தான் வருகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களோ நம் ஊர் அறிவியல் துறைகளோ தரும் வழக்கமான மானியம் புதிதாக ஒன்றை அறிந்துகொள்வதற்கானது. அறிந்துகொண்ட பிறகு நடக்கும் சலிப்பான வேலைக்கு அதில் இடம் குறைவு. மருந்து நிறுவனமோ, "மனிதரில் ஏதாவது காட்டிவிட்டு வாருங்கள், பேசலாம்" என்கிறது.

நிறுவனங்களின் இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கேட்டால் அவர்கள் மேல் வரும் கோபம் பாதி தணியும். 2011இல் பேயர் நிறுவனத்து ஆய்வாளர்கள், வெளியில் வந்த கட்டுரைகளை நம்பித் தாங்கள் தொடங்கிய 67 திட்டங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், கட்டுரையில் சொன்னதும் தங்கள் ஆய்வகத்தில் கிடைத்ததும் ஒத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டு ஆம்ஜென் நிறுவனத்தில் இருந்த கிளென் பெக்லி 'நேச்சர்' இதழில் எழுதியது இன்னும் மோசம். புற்றுநோய் ஆய்வில் மைல்கல் என்று கருதப்பட்ட 53 கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் ஆறு மட்டுமே தேறின. மோசடி என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன எண்ணிக்கையில் எலிகள், நல்ல முடிவை மட்டும் எழுதும் பழக்கம், ஓர் ஆய்வகத்துக்கே உரிய கைப்பக்குவம் என்று காரணங்கள் பல. ஆனால் நூறு கோடி போடப் போகிறவன் இதைப் படித்துவிட்டு எப்படி இறங்குவான்?

பல்கலைக்கழகமே தன் கையிலிருந்து சிறு தொகை போட வேண்டும் என்ற யோசனை இங்கேதான் வருகிறது. நிலம் வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். அதற்கு ஆகும் செலவு நிலத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அதைச் செய்யாமல் வாங்கியவர் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். தொடக்கநிலை நிதி செய்யும் வேலை பெரும்பாலும் இந்த வில்லங்கம் பார்ப்பதுதான். மருந்தைச் செய்து முடிக்க அந்தப் பணம் போதாது. இதில் இறங்கலாமா வேண்டாமா என்று சொல்லப் போதும்.

இதை ஒழுங்காகச் செய்து காட்டிய இடம் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். அங்கே வேதி உயிரியல் பேராசிரியராக இருந்த டாரியா மோக்லி-ரோசன், மாரடைப்பின்போது இதயத் தசை சாவதைக் குறைக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். யாரும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தன் மாணவரோடு சேர்ந்து கேஐ ஃபார்மசூட்டிகல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பல்கலைக்கழகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அதில் வேலை பார்த்தார். மருந்து செய்வது பற்றிப் பேராசிரியர்களுக்கு எவ்வளவு தெரியாது என்பது அங்கேதான் அவருக்குப் புரிந்தது. திரும்பி வந்து 2006இல் 'ஸ்பார்க்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்.

அந்த நிறுவனத்தின் கதையும் சொல்லத் தக்கது. மாரடைப்புக்கான அந்த மருந்து மனிதப் பரிசோதனையில் தோற்றது. ஆனால் அதே நிறுவனத்தில் பிறந்த வேறொரு பொருள், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வரும் பாராதைராய்டு கோளாறுக்கு உதவியது. அதற்காகவே 2012இல் ஆம்ஜென் நிறுவனம் 31.5 கோடி டாலருக்கு கேஐயை வாங்கியது. 2017இல் அமெரிக்காவில் எடெல்கால்சிடைட் என்ற பெயரில் அது மருந்தானது. எதைத் தேடிப் போனார்களோ அது கிடைக்கவில்லை. இந்தத் துறையில் இதெல்லாம் வழக்கம்.

ஸ்பார்க் நடக்கும் விதம் மிக எளிது. ஒவ்வொரு ஆண்டும் பேராசிரியர்களும் மாணவர்களும் விண்ணப்பிக்கிறார்கள். தேர்வாகும் திட்டங்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 50,000 டாலர் என்ற அளவில் இரண்டு ஆண்டு பணம். நம் கணக்கில் ஆண்டுக்கு நாற்பது லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பெரிய மனிதப் பரிசோதனை ஒன்றின் தேநீர்ச் செலவுக்குக்கூட அது காணாது. பணத்தைவிடப் பெரிது, புதன்கிழமை மாலைக் கூட்டம். சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்து மருந்து நிறுவனங்களில் பல ஆண்டு வேலை பார்த்தவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து உட்காருகிறார்கள். ரகசியம் காப்போம், கண்டுபிடிப்பில் பங்கு கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். பேராசிரியர் தன் திட்டத்தைச் சொல்ல, இவர்கள் குடைகிறார்கள்.

முதலில் கேட்கும் கேள்வி அறிவியல் கேள்வியே இல்லை. உங்கள் மருந்து கடைசியில் யாருக்கு, எந்த வடிவில், எத்தனை வேளை, இப்போது இருக்கும் மருந்தைவிட எவ்விதத்தில் மேல்? இதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். பக்கவாதம் வந்தவுடன் கொடுக்க வேண்டிய மருந்து என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் அதை அடைப்புக்கு அரை மணி நேரம் முன்பே எலிக்குக் கொடுத்திருப்பார்கள். பக்கவாதம் வரப்போகிறது என்று முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கும் நோயாளி எந்த ஊரில் இருக்கிறார்? அந்த ஒரு பக்கம் எழுதும்போதே சில திட்டங்கள் செத்துவிடும். செத்தால் நல்லதுதான். தோற்கப் போகும் ஒன்று நாற்பது லட்சத்தில் தோற்பதற்கும் நானூறு கோடியில் தோற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்தக் கூட்டம் சம்பாதித்துக் கொடுக்கிறது. மனிதப் பரிசோதனைக்குள் நுழைந்த மருந்துகளிலேயே பத்தில் ஒன்றுதான் கடைக்கு வருகிறது என்ற நிலையில் இது சின்ன லாபம் இல்லை.

பணம் மொத்தமாகக் கைக்கு வராது. இந்தச் சோதனையில் இந்த விடை வந்தால் அடுத்த தவணை என்று முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். விடை வராவிட்டால் நிறுத்தம். என்னைக் கேட்டால், இந்த வகைத் திட்டம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க எத்தனை வென்றது என்று கேட்பதைவிட எத்தனையை நிறுத்தினார்கள் என்று கேட்பது மேல். பேராசிரியரின் முகத்துக்காகவும் துறைத்தலைவரின் சிபாரிசுக்காகவும் ஓடிக்கொண்டே இருக்கும் திட்டம் எவ்வளவு பணத்தையும் தின்றுவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலர் வழுக்கி விழும் இடம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பை மாநாட்டில் சொல்லிவிட்டாலோ கட்டுரையாகப் போட்டுவிட்டாலோ, பெரும்பாலான நாடுகளில் அது இனி புதியது இல்லை. உரிமை போயிற்று. அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் மட்டும் ஓராண்டு சலுகை உண்டு. காப்புரிமை இல்லாத பொருளை எந்த நிறுவனமும் தொடாது என்பதால், அவசரத்தில் வந்த ஒரு சுவரொட்டிக் கட்டுரை ஒரு மருந்தையே முடித்துவிடும். தொடக்கநிலை நிதியில் ஒரு பங்கு வக்கீலுக்குப் போவது இதனால்தான்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பிரிட்டனில் அரசின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் 2012 முதல் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்து, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று விட்டது. எங்கோ தொலைவில் உள்ள ஒரு குழுவுக்கு மனுப் போட்டு ஒரு வருடம் காத்திருப்பதைவிட, பக்கத்துக் கட்டடத்தில் உள்ள குழு ஆறு வாரத்தில் சொல்வது மேல் என்ற எண்ணம்தான். சில இடங்களில் கொடையாளர்கள் தருகிறார்கள். சில இடங்களில், பழைய மருந்து சம்பாதித்த பணம்.

அமெரிக்காவில் இந்தக் கடைசி வழியைத் திறந்தது 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம். அதற்கு முன் அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகள் அரசிடமே கிடந்தன. ஏறக்குறைய 28,000 காப்புரிமைகள் இருந்ததாகவும், அவற்றில் நூற்றுக்கு ஐந்துகூட யாராலும் பயன்படுத்தப்படவில்லை என்றும் சொல்வார்கள். சட்டம் அந்த உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. உடனே ஒவ்வொரு வளாகத்திலும் உரிமம் விற்கும் அலுவலகம் ஒன்று முளைத்தது. பெரும்பாலானவை போட்ட செலவைக்கூட எடுக்கவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2007இல் நரம்பு வலி மருந்தான ப்ரீகாபலினின் ராயல்டியில் ஒரு பகுதியை 70 கோடி டாலருக்கு விற்றது, அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகம் ரெமிகேட் மருந்தின் ராயல்டியில் 65 கோடி பெற்றது என்பதையெல்லாம் கேட்டு மற்றவர்கள் கடை விரித்தார்கள். பரிசு விழுந்தவனைப் பார்த்து லாட்டரிச் சீட்டு வாங்குவது எங்கும் ஒன்றுதான்.

எமரிக்குத் திரும்புவோம். பரிசு விழுந்த பிறகு எமரி என்ன செய்தது என்பது மற்றவற்றைவிடக் கவனிக்கத் தக்கது. 2009இல் மருந்துக் கண்டுபிடிப்புக்கென்றே ஒரு நிறுவனத்தை வளாகத்திலேயே தொடங்கினார்கள். சில ஆண்டு கழித்து 'ட்ரைவ்' என்ற பெயரில் லாப நோக்கம் இல்லாத ஒரு கம்பெனியையும் வைத்தார்கள். முழு உடைமை பல்கலைக்கழகத்துக்கே. நடத்தியவர் மருந்துத் தொழிலில் பல காலம் இருந்த ஜார்ஜ் பெயின்டர். பேராசிரியர்களின் நேரம் கிடைத்தபோது நடக்கும் வேலையாக இல்லாமல், இதையே தொழிலாகச் செய்யும் ஆட்களை வைத்துக்கொண்டு மூலக்கூறை மனிதப் பரிசோதனையின் வாசல்வரை கொண்டுபோவதுதான் ஏற்பாடு.

அங்கே அவர்கள் கையில் எடுத்தவற்றில் ஒன்று, குதிரைகளையும் மனிதரையும் தாக்கும் வெனிசுவேலா மூளைக்காய்ச்சல் வைரஸுக்கான ஒரு பொருள். அதை யாராவது உயிரி ஆயுதமாக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பணம் கொடுத்தது. பிறகு இன்ஃப்ளூயன்சாவுக்கும் உதவும் என்று தேசிய ஒவ்வாமை, தொற்றுநோய் நிறுவனம் கொடுத்தது. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழைகளைப் புகுத்தி, பிழை மலிந்து அது நாசமாகும்படி செய்வது இதன் வேலை. 2019 முடியும்போது இன்ஃப்ளூயன்சாவுக்கான மனிதப் பரிசோதனைக்கு ஏறக்குறைய எல்லாம் தயார். அப்போது கொரோனா வந்தது.

2020 மார்ச்சில் ரிட்ஜ்பேக் என்ற சிறிய நிறுவனம் உரிமம் எடுத்தது. ஏப்ரலில் முதல் மனிதருக்கு டோஸ். மே மாதம் மெர்க் நிறுவனம் சேர்ந்துகொண்டது. 2021 நவம்பர் 4 அன்று பிரிட்டன் அனுமதி கொடுத்தது. மோல்னுபிரவிர் என்று நாம் கேள்விப்பட்டது இதுதான். உரிமம் கைமாறியதிலிருந்து இருபது மாதம். அந்த வேகத்தைப் பலர் வியந்தார்கள். பின்னால் யாருக்கும் தெரியாமல் ஓடிய ஆறேழு வருடத்தைக் கணக்கில் எடுத்தால் வியக்க ஒன்றும் இல்லை. கரைதிறனும் நச்சுத்தன்மையும் பார்க்கும் அந்தச் சலிப்பான வேலையை யாரோ பணம் கொடுத்து ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. முதல் கணக்கில் ஆஸ்பத்திரியில் சேர்வதையும் இறப்பையும் பாதியாகக் குறைக்கிறது என்றார்கள். இறுதிக் கணக்கில் அது 30 சதவீதம் ஆனது. தடுப்பூசி போட்டவர்கள் நிறைந்த பிரிட்டனில் 25,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், சீக்கிரம் தேறினார்கள், ஆனால் ஆஸ்பத்திரிச் சேர்க்கை குறையவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2023இல் அனுமதி வேண்டாம் என்றது. வைரஸின் மரபணுவில் பிழை புகுத்தும் பொருள் நம் மரபணுவைத் தொடாதா என்ற கேள்வியும் இருந்தது. இந்தியாவில் 2021 டிசம்பரில் அவசர அனுமதி கிடைத்தாலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) அன்றைய தலைவர் பல்ராம் பார்கவா அந்தக் காரணத்தைச் சொல்லியே தேசியச் சிகிச்சை நெறிமுறையில் சேர்க்க மறுத்தார். தொடக்கநிலைப் பணம் ஒரு மருந்தை வாசல்வரை கொண்டுவரும். அது நல்ல மருந்தா என்பதற்கு அந்தப் பணம் ஜாமீன் இல்லை.

எமரிக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. அது வேலூரில் இருக்கிறது. ஹீமோஃபிலியா ஏ நோயில் ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி உடலில் உருவாவதில்லை. சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காது. மூட்டுக்குள் கசிந்து கசிந்து கால் கை முடங்கும். காரணியை வாழ்நாள் முழுக்க ஊசியாக ஏற்றிக்கொள்ள வேண்டும். நல்ல மரபணுவை உடலுக்குள் ஒரேயடியாக வைத்துவிடும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது, அப்போது விலை 29 லட்சம் டாலர். அதில் மரபணுவைச் சுமந்து செல்வது ஏஏவி என்ற வைரஸ். அந்த வைரஸுக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே உடலில் இருப்பவர்களுக்கு அந்தச் சிகிச்சை கிடையாது.

எமரியில் கிறிஸ்டஃபர் டோரிங், ட்ரென்ட் ஸ்பென்சர் ஆகியோர் வேறு வழியில் போயிருந்தார்கள். மனிதக் காரணியின் மரபணுவோடு பன்றியினுடையதில் ஒரு பகுதியைச் சேர்த்தால் உடல் அதிக அளவில் காரணியைச் சுரக்கிறது என்று கண்டு, அந்தக் கலப்பு மரபணுவை நோயாளியின் சொந்த ரத்த மூல அணுக்களுக்குள் வைப்பது அவர்கள் திட்டம். அதை மனிதரில் முதலில் செய்து பார்த்த இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் அங்குள்ள மூல அணு ஆய்வு மையம் ஐந்து நோயாளிகளுக்கு இதைச் செய்தது. முடிவு 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் ஐந்து பேரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. பரிசோதனைக்கு இந்திய அரசின் அறிவியல் அமைச்சகம் பணம் கொடுத்தது. ஐந்து பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. ஆனால் அட்லாண்டாவில் எலியோடு நின்றிருக்கக்கூடிய ஒன்று வேலூரில் மனிதருக்கு வந்தது என்றால், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் பல ஆண்டு கைதேர்ந்த ஓர் ஆஸ்பத்திரியும், ஆய்வகமும், அரசுப் பணமும் ஒரே வளாகத்தில் கூடியதுதான் காரணம்.

மும்பையிலும் இப்படி ஒன்று நடந்தது. ஐ.ஐ.டி. பம்பாயில் ராகுல் புர்வார் குழு, நோயாளியின் டி அணுக்களையே மாற்றியமைத்து ரத்தப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சையை உருவாக்கியது. டாடா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து முதல் மனிதப் பரிசோதனை செய்ய, மத்திய அரசின் பைராக் அமைப்பு 19.15 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2021 ஜூன் 4 அன்று முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் அனுமதி. ஆரம்ப விலை சுமார் 40 லட்சம் ரூபாய். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிறந்து நோவார்டிஸ் விற்கும் இதே வகைச் சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் 4,75,000 டாலருக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம் இருந்தாலும், நாற்பது லட்சத்தைப் புரட்டக்கூடிய குடும்பம் நம் தெருவில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

விலை என்று வந்துவிட்டதால், இந்தப் பேச்சில் வழக்கமாக விட்டுவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் கண்டுபிடிக்கிறது, நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கிறது, நிறுவனம் தன் விலையை வைக்கிறது, அதே மக்கள் மறுபடி பணம் கொடுத்து வாங்குகிறார்கள். இதைத் தடுக்கும் சக்தி பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு தருணத்தில்தான் உண்டு. உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் தருணம். அதற்குப் பிறகு கெஞ்சலாம், கொடி பிடிக்கலாம், வேறு செய்ய ஒன்றும் இல்லை.

யேல் பல்கலைக்கழகத்துக்கு இது நடந்தது. வில்லியம் புருசாஃபும் உடன் ஆய்வாளரும் சேர்ந்து எச்.ஐ.வி.க்கு எதிராகப் பயன்படும் என்று காட்டிய ஸ்டாவுடின் மருந்தின் காப்புரிமை யேலிடம், விற்கும் உரிமை பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்திடம். 2001இல் தென்னாப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தபோது, மலிவான மாற்றுத் தயாரிப்பை அங்கே கொண்டுவர விடுங்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலைக் கேட்டது. முழு உரிமையைக் கொடுத்துவிட்டோம், எங்கள் கையில் இல்லை என்பது முதல் பதில். சட்டக் கல்லூரி மாணவர்கள் கிளம்பினார்கள். புருசாஃபே மாணவர்கள் பக்கம் நின்றார். சில வாரங்களில் நிறுவனம் இறங்கி வந்து, தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்றது, விலையையும் வெட்டியது. அதே 2001 பிப்ரவரியில்தான் மும்பையின் சிப்லா, ஸ்டாவுடின் சேர்ந்த மூன்று மருந்துக் கலவையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்திருந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு தாம்பரம் உள்ளிட்ட சில மருத்துவமனைகளில் இலவச எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கியபோது கொடுத்த மருந்துகளில் ஸ்டாவுடினும் இருந்தது. பின்னர் நரம்புப் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளால் அது விலக்கப்பட்டது வேறு கதை.

மோல்னுபிரவிர் விஷயத்தில் மெர்க் தானாகவே இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. அமெரிக்க அரசு ஒரு நோயாளிக்கான மாத்திரைகளுக்கு ஏறக்குறைய 700 டாலர் கொடுத்து வாங்கியபோது, டாக்டர் ரெட்டீஸ் 2022 ஜனவரியில் அதையே 1,400 ரூபாய்க்கு விற்றது. தானாகக் கொடுத்ததால் கிடைத்தது. கொடுக்காமல் இருந்திருந்தால்?

நம் நாட்டில் பல்கலைக்கழகங்களும் ஐ.ஐ.டி.களும் இப்போதுதான் இந்த விளையாட்டில் இறங்குகின்றன. எமரிக்கு விழுந்த பரிசு போல ஒன்று வரும், அந்தப் பணத்தில் அடுத்ததைச் செய்யலாம் என்று காத்திருந்தால் நடக்காது. நாற்பது ஐம்பது லட்சம் என்ற அளவில் வளாகத்திலேயே தீர்மானிக்கக்கூடிய பணமும், தோற்பதை நிறுத்தத் துணியும் ஒரு குழுவும், தொழில் தெரிந்த ஆட்களும் வேண்டும். பணத்தைக் கொடுக்கும் அன்றே, இந்த மருந்து வந்தால் இந்திய அரசு மருத்துவமனைக்கு என்ன விலை என்று ஒரு பத்தியையும் எழுதி வாங்க வேண்டும். கண்டுபிடிப்பு சின்னதாக இருக்கும்போது அந்தப் பத்தியை எழுத எந்த நிறுவனமும் பெரிதாக முரண்டு பிடிக்காது. மருந்து வென்ற பிறகு எழுதவைக்க முடியாது.

அடுத்த முறை செய்தித்தாளில் எலிக்குக் குணமான செய்தி வந்தால், வேறோர் ஆய்வகம் அதைத் திரும்பச் செய்து பார்த்ததா, அடுத்த சோதனைக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்தச் செய்தியை வீட்டில் உள்ள நோயாளியிடம் காட்ட வேண்டாம்.